டாக்சிக் கட்டணமும் வெட்டுத்துண்டும்

சிராங்கூன் சாலையில் டாக்சி ஏறுகிறோம். 3 கிலோமீட்டருக்கு 5.70 வெள்ளி, 7 கிலோமீட்டருக்கு 8.30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோடு ஒய் அச்சை எங்கே வெட்டும்?

முதலில் சாய்வு: கூடிய 2.60ஐ 4ஆல் வகுத்தால், கிலோமீட்டருக்கு 65 காசு. மூன்றிலிருந்து பூச்சியத்துக்குப் பின்னோக்கி வந்தால் 1.95 குறையும், மிச்சம் 3.75. அதுதான் வெட்டுத்துண்டு. ஏழிலிருந்து வந்தாலும் அதேதான், ஏனெனில் நேர்கோட்டின் சாய்வு எங்கும் மாறாது.

ஆனால் மீட்டர் 3.75இல் தொடங்காது! சிங்கப்பூர் டாக்சியின் தொடக்கக் கட்டணத்தில் முதல் கிலோமீட்டரும் அடக்கம். ஆகவே கோட்டில் 1ஐப் பாருங்கள்: 3.75 + 0.65 = 4.40. அதுவே தொடக்கக் கட்டணம். 10 கிலோமீட்டரைத் தாண்டினால் சாய்வே மாறிவிடும். இரு புள்ளிகளையும் அதற்குள்ளேயே எடுங்கள்.