வேலை: ஒரு சொல், இரு கணக்குகள்

பழந்தமிழில் 'வேலை' என்னும் சொல்லுக்குக் கடல் என்றும் கடற்கரை என்றும் பொருள் உண்டு. இன்றைய வழக்கில் அது தொழிலையும் செயலையும் குறிக்கிறது. அலுவலகத்திற்குச் செல்வதும் வேலை. தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பதும் வேலை. இயற்பியலோ இச்சொல்லுக்கு மிகக் குறுகிய பொருளையே தருகிறது. ஒரு பொருளின்மீது விசை செயற்பட வேண்டும்; அவ்விசை செயற்படும் கோட்டின் வழியே அப்பொருள் சிறிதளவேனும் இடம்பெயர வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தாலன்றி அங்கு வேலை நடைபெற்றதாக இயற்பியல் ஏற்பதில்லை.

பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ், எந்திரங்களின் பயனை அளவிடுவது குறித்து 1829இல் ஒரு நூல் வெளியிட்டார். விசையையும் விசையின் திசையில் கடந்த தொலைவையும் பெருக்கிவரும் அளவுக்கு, வேலை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லையே அவர் அதில் பெயராகச் சூட்டினார். அவ்வளவின் அலகு ஜூல் ஆகும். நூறு கிராம் நிறையுள்ள ஒரு கொய்யாப்பழத்தை ஒரு மீட்டர் உயரத்திற்கு மெல்லத் தூக்கினால் ஏறத்தாழ ஒரு ஜூல் வேலை செய்யப்படுகிறது.

புதுதில்லி இரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டை அணிந்த சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர் 20 கிலோகிராம் பெட்டியைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவதாகக் கொள்வோம். உயரம் ஒன்றரை மீட்டர் எனில், அவர் செய்த வேலை 20 × 9.8 × 1.5 = 294 ஜூல். பின்னர் அப்பெட்டியுடன் சமதளமான நடைமேடையில் 200 மீட்டர் நடக்கிறார். பெட்டியைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, இடப்பெயர்ச்சியோ கிடைமட்டமானது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைவதால் தாங்கும் விசை செய்யும் வேலை சுழி. இறுதியில் பெட்டியை மெல்ல இறக்கி வைக்கும்போது விசை மேல்நோக்கியும் இடப்பெயர்ச்சி கீழ்நோக்கியும் உள்ளன. ஆகவே, வேலை −294 ஜூல். ஏற்றியதையும் இறக்கியதையும் கூட்டினால் மொத்தம் சுழியே! நல்லவேளையாக, எவரும் இக்கணக்கின்படி கூலி கொடுப்பதில்லை.

எனினும், அத்தொழிலாளி களைத்துப் போகிறார் என்பது கண்கூடு. அசையாமல் சுமையைத் தாங்கி நின்றாலும் களைப்பே மிஞ்சும். இதற்கு விடை வேண்டுமெனில் வேதியியலின் பக்கம் திரும்ப வேண்டும். சுமையைத் தாங்கும் தசையின் இழைகள் ஓய்ந்திருப்பதில்லை. இடைவிடாது இழுவிசையை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதற்காக ஏடிபி என்னும் மூலக்கூறுகள் ஓயாமல் பிளக்கப்படுகின்றன. உணவிலிருந்து பெறப்பட்ட ஆற்றல் இவ்வாறு செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. பெட்டியின்மீது வேலை நிகழவில்லை. ஆயினும் உடலின் ஆற்றல் குறைந்துவிட்டது. ஆற்றல் செலவு வேறு, வேலை வேறு என்பதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

வேதியியலில் மிகுதியாகப் பேசப்படும் வேலை, வாயுக்கள் விரிவதால் நிகழ்வது. கொதிக்கும் நீரை எடுத்துக்கொள்வோம். 18 கிராம் நீர், அதாவது ஒரு மோல் நீர், 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஆவியாகும்போது 40.7 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கிறது. ஒரு சிறு குவளையின் அடியில் அடங்கிய அந்நீர், ஆவியானதும் 30 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தை நிரப்புகிறது. அவ்விடத்தைப் பெறுவதற்கு, சுற்றியுள்ள காற்றை அது தள்ளியாக வேண்டும். காற்றின் அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கினால் இவ்வேலை கிடைக்கிறது: ஏறத்தாழ 3.1 கிலோஜூல். எஞ்சிய 37.6 கிலோஜூல், நீர் மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்துவதில் செலவாகி, ஆவியின் அக ஆற்றலாகச் சேர்கிறது.

மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இயற்பியல் நூல், ஏற்ற வெப்பம் = அக ஆற்றல் மாற்றம் + வேலை என்கிறது. அதே வகுப்பின் வேதியியல் நூலோ, அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் + வேலை என்கிறது. ஒன்றை மனப்பாடம் செய்து மற்றொன்றில் இடுபவர் விடையைத் தவறவிடுவது உறுதி. உண்மையில் இரு நூல்களுக்கும் இடையே முரண் இல்லை. இயற்பியலில் அமைப்பு வெளியே செய்து தரும் வேலை நேர்குறி பெறுகிறது. வேதியியலில் அமைப்பின்மீது செய்யப்படும் வேலை நேர்குறி பெறுகிறது. நீராவியின் கணக்கை இரு முறைகளிலும் எழுதிப் பார்க்கலாம். இயற்பியலின்படி வேலை +3.1, எனவே அக ஆற்றல் மாற்றம் 40.7 − 3.1 = 37.6. வேதியியலின்படி வேலை −3.1, எனவே அக ஆற்றல் மாற்றம் 40.7 + (−3.1) = 37.6.

வெப்ப இயக்கவியல் நீராவி எந்திரங்களை ஆராய்ந்த காலத்தில் வளர்ந்த துறை. எந்திரம் எவ்வளவு வேலை தரும் என்பதே பொறியாளரின் கேள்வி. ஆதலின் வெளிவருவது நேர்குறியாயிற்று. வேதியியலாரின் கண்ணோ குடுவைக்குள் இருக்கும் பொருளின்மீதே இருக்கிறது. வெப்பமாயினும் வேலையாயினும் உள்ளே வந்தால் வரவு, வெளியே போனால் செலவு. வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் வரவு செலவு இவ்வாறே எழுதப்படுகிறது. குறிகளை நினைவில் கொள்வதற்கு இம்முறை எளிது என்றே தோன்றுகிறது.

வாயு விரியாமலும் வேதிவினை வேலை செய்யக்கூடும். டேனியல் மின்கலத்தில் ஒரு மோல் துத்தநாகம் கரையும்போது இரண்டு மோல் எலக்ட்ரான்கள் கம்பியின் வழியே செல்கின்றன. மின்னழுத்தம் 1.1 வோல்ட். மின்னோட்டம் மிகச் சிறிதாக இருக்குமாறு வினையை மெல்ல நடத்தினால், பெறக்கூடிய மின்வேலை 2 × 96,500 × 1.1, அதாவது ஏறத்தாழ 212 கிலோஜூல். வேதியியல் கணக்கில் இதற்கும் எதிர்குறியே. அதே துத்தநாகத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் நேரடியாக இட்டாலும் வினை நிகழ்கிறது, கரைசலின் நீல நிறம் மங்குகிறது, தாமிரம் படிகிறது. ஆனால் எலக்ட்ரான்கள் கம்பியைச் சுற்றிவர வழியில்லை. கரைசல் சூடாகிறது, மின்வேலையோ ஒரு ஜூல்கூடக் கிடைப்பதில்லை.