தொப்புளில் தொடங்கும் வலி

மருத்துவப் படிப்பின் முதலாண்டில் கருவியல் என்றாலே பிள்ளைகளுக்குச் சலிப்பு. ஆறாவது வாரம் என்ன, பத்தாவது வாரம் என்ன என்று மனப்பாடம் செய்து தேர்வை முடித்துவிட்டு, வார்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறார்கள். ஒரு குடல்வால் அழற்சி நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போதுதான் அந்தப் பாடத்தின் அருமை தெரியும்.

வழக்கமாக வருகிற நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது வயதுப் பையன். முந்தின நாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றிப் பிசைகிற மாதிரி வலி. சாப்பாடு இறங்கவில்லை, ஒரு தடவை வாந்தி. வாயுப் பிடிப்பு என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிக் குத்த ஆரம்பித்திருக்கும். இருமினாலே சுரீர் என்று இழுக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மாணவர் கேட்பது, “எங்கப்பா வலிக்குது?” பையன் வலது பக்கத்தைக் காட்டுவான், மாணவரின் கையும் நேராக அங்கே போய்விடும்.

நான் கேட்கச் சொல்வது வேறு: “முதல்ல எங்க வலிச்சுது?” இதே பையன் முந்தின இரவே வந்திருந்தால் வலது பக்கத்தை அழுத்தியும் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. நோய் அப்போதே தொடங்கிவிட்டது. அதைப் பிடிக்கக் கைக்கு முன்னால் காது வேலை செய்ய வேண்டும்.

குடல்வால் வலது பக்கம் இருக்க, தொப்புளில் ஏன் வலிக்கிறது? கருவில் நடுக்குடல் என்ற பகுதியிலிருந்து உருவாகும் உறுப்பு அது. ஆறாவது வாரத்தில் வயிற்றுக்குள் இடம் போதாமல் நடுக்குடல் தொப்புள்கொடிக்குள் நுழைகிறது. பத்தாவது வாரத்தில் திரும்பி வருகிறது. இதற்கிடையே அது சுழல்வது மொத்தம் 270 டிகிரி. இத்தனை சுற்றி வலது கீழ் மூலைக்குப் போய்ச் சேர்ந்தாலும் பழைய நரம்புத் தொடர்பு விட்டுப்போவதில்லை. குடல்வாலின் வலி தண்டுவடத்தின் பத்தாவது மார்புக் கண்டத்தை ஒட்டித்தான் போய்ச் சேர்கிறது. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் உணர்வும் அங்கேதான் போகிறது. இரண்டு வாசலுக்கும் ஒரே அழைப்பு மணி இருந்தால் உள்ளே இருப்பவர் பழகிய வாசலைத்தான் திறப்பார். மூளைக்குப் பழக்கம் தோல்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். குடல்வாலை வெட்டினாலும் சுட்டாலும் வலிக்காது, விரிந்தால் வலிக்கும். மலக்கட்டியோ, வீங்கிய நிணநீர்த் திசுவோ அதன் குறுகலான வாயை அடைத்துவிட்டால், உள்ளே சுரக்கும் சளி வெளியேற வழியில்லை. உள்ளழுத்தம் ஏறும், சிரைகள் நசுங்கும், கிருமிகள் சுவருக்குள் புகும். பிசைகிற வலி இந்தக் கட்டத்துக்குரியது. அழற்சி வெளிச்சுவர் வரை வந்து வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் சவ்வைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. அந்தச் சவ்வுக்கு நரம்பு கொடுப்பவை மேலே உள்ள தசைக்கும் தோலுக்கும் கொடுக்கும் அதே நரம்புகள். அதனால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடும். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் குறித்துக் காட்டிய புள்ளி இப்போதுதான் வேலைக்கு வருகிறது: வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குக் கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம்.

ஆனால் அந்தப் புள்ளி குடல்வாலின் அடிக்குத்தான், நுனிக்கு இல்லை. டிசெக்‌ஷன் ஹாலில் இதை நீங்களே பார்க்கலாம். பெருங்குடலின் மேல் ஓடும் மூன்று தசைப்பட்டைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே வாருங்கள். மூன்றும் கூடுகிற இடம்தான் அடி. நுனி எங்கே கிடக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் முன்வயிற்றை அழுத்தும்போது வலி குறைவாகவே தெரியும். நோயாளி வலது தொடையை மடக்கியே படுத்திருப்பார், காலை நீட்டினால் முகம் சுளிப்பார். இடுப்புக்குழிக்குள் தொங்கினால் நீர்க்கடுப்போ வயிற்றுப்போக்கோ வரலாம். சாதாரண வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிற தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பெரிய மருத்துவர்களே நெடுங்காலம் இதில் தடுமாறியவர்கள்தாம். வலது அடிவயிற்றில் சீழ் கட்டினால் பழியைப் பெருங்குடலின் தொடக்கப் பகுதி மேல் போட்டார்கள். பாஸ்டனைச் சேர்ந்த நோய்க்கூறியல் வல்லுநர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குடல்வால் துளைபட்ட 257 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, மூலம் குடல்வால்தான் என்று 1886இல் நிறுவினார். அப்பெண்டிசைட்டிஸ் என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். காத்திருக்காமல் அறுவை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார்.

காத்திருந்தால் என்ன ஆகும்? “இப்ப பரவால்ல டாக்டர், வலி குறைஞ்சிடுச்சு” என்று நோயாளி சொல்லலாம். நாடித்துடிப்பு ஏறியிருக்க, வலி மட்டும் சட்டென்று குறைந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். விரிந்திருந்த சுவர் கிழிந்து அழுத்தம் இறங்கியதால் கிடைத்த ஆசுவாசமாக அது இருக்கலாம். சில மணி நேரத்தில் வயிறு முழுவதும் பலகை போல இறுகிவிடும். அந்த இடைவேளையில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

வலது பக்க உதரவிதானத்துக்கு அடியில் கட்டிய சீழ் வலது தோளில் வலிப்பதற்கும் காரணம் கருவியலில்தான் இருக்கிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.