பழைய காரும் பிரேக் ஆயிலும்

அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரு கார்களின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இத்தகைய பழைய கார்களை இன்றும் காணலாம். இவற்றை வைத்திருப்போர் என்ஜின் ஆயிலைக் காலந்தவறாது மாற்றுவர். பிரேக் ஆயிலையோ, குறைந்தபோது சிறிது ஊற்றுவதோடு விட்டுவிடுவர். உயிருக்கே உலை வைக்கக்கூடிய வழக்கம் இது.

ஈரம் செய்யும் தீங்கு

பிரேக் செய்யும் தொழில் நமது வட்டாரத்துக்குப் புதியதன்று. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கூடி 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பாடியில் அமைந்ததேயாகும். திரவ பிரேக்கின் ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பயன்படுத்தினர் என்பது நமது விவசாய அன்பர்களுக்கு ருசிகரமான செய்தியாகும். இன்று வழங்குவது பெயரளவில்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம்.

மழைக்காலத்தில் பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று எடை கூடுவதை நெசவாளர் நன்கறிவர். பிரேக் ஆயிலும் அவ்வாறே மூடியின் வழியாகவும் ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் ஈரத்தை ஈர்க்கிறது. நூல், வெயில் வந்ததும் ஈரத்தை விட்டுவிடும். பிரேக் ஆயில் விடாது. ஆகவே கொட்டகையில் சும்மா நிற்கும் காரிலும் அது கெட்டுக்கொண்டேயிருக்கும்.

டாட் 3 என்னும் தரத்துப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் வேண்டும். அதில் 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்துவிட்டால் இந்த அளவு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இவ்வளவுகள் முறையே 230, 155 ஆகும். நமது சமவெளிச் சாலைகளில் இக்குறை சாதாரணமாக வெளிப்படுவதில்லை. திருத்தணி வழியாகத் திருப்பதி சென்று, திருமலையிலிருந்து இறங்கும்போதுதான் பரீட்சை வருகிறது. அடிக்கடி பிரேக்கை மிதிப்பதால் சூடேறி, ஆயிலிலுள்ள நீர் ஆவியாகும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த பெடல் தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வது நல்ல பாதுகாப்பு. ஆனால் அது கெட்ட ஆயிலுக்குப் பரிகாரமாகாது.

நீர் சேர்ந்த ஆயில், இரும்புக் குழாய்களையும் சிலிண்டர்களையும் உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும் என்பதையும் மறத்தலாகாது.

மாற்றும் முறை

எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாராமல், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயில் முழுவதையும் மாற்றுதல் வேண்டும். ஆயில் கலத்தின் மூடியில் குறித்துள்ள தரத்தையே வாங்குக. டாட் 5 என்பது சிலிகோன் வகை. அதை இவற்றோடு கலக்கலாகாது. என்ஜின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ ஒரு சொட்டும் சேர்க்கலாகாது. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

முதலில் கலத்திலுள்ள பழைய ஆயிலை உறிஞ்சியெடுத்து, புதியதை நிரப்புக. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில், அதாவது நமது கார்களில் பெரும்பாலும் இடது பின்சக்கரத்தில், தொடங்குக. நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துக. ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிது திறந்து, பெடலை விடுமுன் மூடிவிட வேண்டும். குமிழியின்றித் தெளிந்த ஆயில் வரும்வரை இவ்வாறு செய்து, பிறகு அடுத்த சக்கரத்துக்குச் செல்க. இடையே கலம் வற்றிவிடக் கூடாது; வற்றினால் காற்றுப் புகுந்துவிடும். மிகப் பழைய காராயின், பெடலின் அடியில் ஒரு மரக்கட்டை வைத்தல் நலம். பெடல் அடிவரை சென்றால், சிலிண்டரின் துருவேறிய பகுதியில் வாஷர் உரசிக் கிழியக்கூடும். ரப்பர்க் குழாய்கள் வெடித்தோ ஊதியோ இருந்தால் அவற்றையும் உடனே மாற்றுக. பழக்கமில்லாதவர்கள் தேர்ந்த மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும். பட்ட இடத்தை உடனே நீரால் கழுவுக. அது விஷமுமாகும். பழைய ஆயிலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், கழிவு ஆயில் பெறும் பணிமனையில் சேர்ப்பிக்கவும். குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கூடிச் செய்தால் நன்மை

திறந்த டின் நாளடைவில் ஈரமேறிப் பயனற்றுப் போகும். ஆதலின் தனியொருவர் பெரிய டின் வாங்குவது வீண். ஒரே தரத்து ஆயில் வேண்டும் அங்கத்தினர் சிலர் கூடி, ஒரே நாளில் ஒரு டின்னைத் திறந்து, தங்கள் வண்டிகள் அனைத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆயிலும் மிஞ்சாது, கூலியும் குறையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் இதற்கென ஒரு நாளைக் குறித்துக்கொள்வது உத்தமம். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி, ஆயில் கலத்தின் அருகில் ஒட்டி வைப்போமாக.