மீண்டும் போதிக்க வரும் விமானி

விமானம் செலுத்துதல் ஒரு கலை. அதனைப் பிறருக்குக் கற்பித்தல் பிறிதொரு கலை. முதலாம் உலகப் போரின்போது, போர்முனையிற் களைத்து மீண்ட விமானிகள் பலர் பயிற்சியாசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். இது பொருந்தாதெனக் கண்ட ரொபேட் ஸ்மித்-பாரி என்பார், 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொஸ்போட் நகரில் ஆசிரியர்களையே பயிற்றும் பள்ளியொன்றை நடத்தலானார். கற்பிப்பவருக்குத் தனித் தகுதி வேண்டும் என்னும் கொள்கை அதன்பின் வேரூன்றிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, இத்தகுதியைப் புதிதாகப் பெற்றவர் உடனே முழு உரிமையுடைய ஆசிரியராகிவிடுவதில்லை. முழு உரிமை பெற்ற ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிலேயே அவர் கற்பித்தல் வேண்டும். மாணாக்கனை முதன்முதல் தனித்துப் பறக்க அனுப்பும் உரிமையும் அவருக்கில்லை. விமானத்தில் 100 மணி நேரம் கற்பித்து, மாணாக்கர் தனித்துச் சென்ற 25 பறப்புக்களை மேற்பார்த்த பின்னரே இத்தடை நீங்கும்.

முதற் பறப்புக்கு மட்டும் இத்துணைக் காவல் எதற்கு? ஆசிரியர் இறங்கிக் கதவைச் சாத்தியதும், பாரம் குறைந்த விமானம் மாணாக்கன் பழகியதினும் விரைந்து மேலெழும். அவன் தடுமாறினால் வானொலியிற் சில சொற் கூறலாமேயன்றி, எட்டிப் பிடிக்கக் கைகள் அருகில் இல்லை. அவன் ஆயத்தமானவனா என்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்ப்பு பல மாணாக்கரைக் கண்டு பழகிய கண்ணுக்கே வாய்க்கும்.

இளமையில் சில காலம் கற்பித்துவிட்டு, பெரிய விமானக் கம்பனிகளிற் சேர்ந்து, பல்லாண்டுகளின் பின் திரும்புவோர் உளர். பத்திரம் மூன்றாண்டுக்கே செல்லுபடியாகும். அது காலாவதியாயின் மீள்பயிற்சி பெற்று, தேர்வாளர் முன் தகுதியை மெய்ப்பித்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கு இது வேண்டாத சடங்கெனத் தோன்றலாம். அஃது அவ்வாறன்று. கப்பற்றலைவர் போல் இடப்புறம் அமர்ந்து பழகியவர் இப்பொழுது வலப்புறம் அமர்கிறார். கைகளின் தொழில் இடம் மாறிவிடுகிறது. தானியங்கிக் கருவியை நம்பிப் பழகிய கால்கள், சிறிய விமானத்தின் சுக்கான் மிதிகளை மீண்டும் உணரவேண்டும். இவை சின்னாளிற் கைகூடும். செய்துகொண்டே விளக்கும் பேச்சும், பிழை செய்யும் மாணாக்கனை எவ்வளவு நேரம் விட்டுவைக்கலாம் என்னும் மதிப்பீடுமே கடினமானவை. ஆகவேதான் சோதனையில் தேர்வாளர் மாணாக்கன் வேடம் பூணுகிறார். வேண்டுமென்றே தவறு செய்து, அதனை இவர் எப்பொழுது கண்டு, எவ்வாறு திருத்துகிறார் என நோக்குகிறார்.

இச்சோதனையில் தேறினாலும் பழைய தடை தானாக நீங்காது. ஆயினும் முன்னர் ஈட்டிய மணிகள் வீண்போவதில்லை. அக்காலத்தில் 70 மணி நேரம் கற்பித்து, 15 தனிப் பறப்புக்களை மேற்பார்த்தவருக்கு, இன்னும் 30 மணியும் 10 பறப்புக்களுமே எஞ்சியிருக்கும். அவை நிறைவுறும்வரை அவரை மேற்பார்க்கும் ஆசிரியர், வயதிலும் பறந்த மணிகளிலும் அவருக்கு மிக இளையவராக இருத்தலும் கூடும்.