வேரை எட்டாத கசாயம்

பற்கொதி கண்டால் கராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சை வைப்பதும், வேப்பம்பட்டைக் கசாயத்தால் வாய் கொப்பளிப்பதும் யாழ். குடாநாட்டு வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவதோ முஸ்லிம் மக்களுக்கு மார்க்கம் காட்டிய வழியாகும். இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'றூட் கனால்' எனப்படும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சைக்கே இவை மாற்றாகிவிட்டன என்று எவரேனும் கூறினால், அதனை ஆராயாது ஏற்பதற்கில்லை.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட கூழ் உள்ளது. சூத்தை அதனை அழுகச் செய்ததும் வேரின் நுண்ணிய கால்வாய்களில் கிருமிகள் குடியேறுகின்றன. வைத்தியரின் அரம் எட்டாத கிளைகளும் அங்கு உள்ளமையால் மருந்து நீர் பாய்ச்சிக் கழுவவேண்டியுள்ளது. முதலாம் உலகப் போரில் படையினரின் புண்களைக் கழுவப் பயன்பட்ட சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலே இன்றும் இதற்கு முதன்மையானது. அது கிருமியைக் கொல்வதோடு அழுகிய தசையையும் கரைக்கின்றது. எனினும் வேர்நுனியைத் தாண்டிக் கசிந்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். மூலிகைகளின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி காணப்படும் என்டரோகொக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் கிருமியைப் பிடுங்கிய பற்களில் படலமாக வளர்த்து, அதன்மீது பல கரைசல்களைச் சோதித்தனர். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாவும் பச்சைத் தேயிலைச் சத்தும் கிருமியைக் கணிசமாக ஒடுக்கின. ஆயினும் முதலிடம் ஹைப்போகுளோரைட்டுக்கே கிடைத்தது. வேம்பு, மிஸ்வாக் சாறுகளும் ஆய்வுகூடங்களில் நல்ல பெறுபேறு தந்துள்ளன. ஆனால் ஆய்வுகூடத்துப் பல் வேறு; உமிழ்நீரும் குருதியும் ஊறும் வாயிலுள்ள பல் வேறு.

நாம் அஞ்சுவது மற்றொன்றையே. வாய் கொப்பளிக்கும் நீர், அது கசாயமானாலும் கடை மருந்தானாலும், வேர்க்கால்வாயினுள் சென்று கிருமியை அழிக்காது. கூழ் முற்றாக இறந்ததும் வலி தானே தணிவதுண்டு. அதனைக் கசாயத்தின் வெற்றியெனக் கருதி வீட்டிலிருப்போரின் தாடை எலும்பை நோய் சத்தமின்றி அரிக்கின்றது.

யாழ். பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவமும் பேராதனையில் பல் மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. மரத்துக்கு மரம் மாறுபடும் பட்டைச் சாற்றை ஒரே தரத்தில் வடித்து, நோயாளரிடம் முறையாகச் சோதிப்பது இரு துறையினரும் கூடிச் செய்யவேண்டிய பணி. அதுவரை, கொதி தணிந்த பல்லையும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் வீங்கி, காய்ச்சலும் விழுங்கக் கடினமும் தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.