ஒருசந்தியில் மிஞ்சும் சோறு

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் வத்திராயிருப்புச் சாலையில் மக்கள் வெள்ளம் பெருகும். தாணிப்பாறை சென்று சதுரகிரி மலையேறுவோர் கூட்டங்கூட்டமாக இவ்வழியே போவர். அவர்களுள் விரதம் பூண்டு செல்வோர் பலர். மார்கழி பிறந்தால், அருகிலுள்ள திருவில்லிபுத்தூரின் ஆண்டாள் பாடிய பாவை நோன்பை அயலார் இல்லங்கள் நினைவுகூர்கின்றன. ரமலான் மாதத்தில் இசுலாமியச் சகோதரர் பகல் முழுதும் நீரும் பருகாதிருந்து, மாலையில் கஞ்சியோடு நோன்பு திறக்கின்றனர். இவ்வாறு நோன்பாளர் நடுவே வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தாராகிய நாம், நமது நோன்பு யாது, அதை எதற்காகக் கைக்கொள்ளுகிறோம் என்று தெளிந்திருத்தல் தகும் அன்றோ?

நம் முன்னோர் இதற்கு இரண்டு சொற்களை வழங்கினர். நாளில் ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பதை 'ஒருசந்தி' என்றனர். புலால் நீக்கி உண்பதைச் 'சுத்தபோசனம்' என்றனர். ஞானோபதேசம் மனப்பாடமாகக் கற்ற முதியோர் இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்வர். இளையோர் பலருக்கோ, 'இன்று வீட்டில் கறி இல்லை' என்பது ஒன்றே நோன்பாகத் தோன்றுகிறது. சுத்தபோசன நாளில் மீனுக்குத் தடை இல்லைதான். ஆயினும் ஆட்டிறைச்சியை விட்டுவிட்டு, அதனினும் விலை மிகுந்த வஞ்சிர மீனை வாங்கிக் குழம்பு வைத்தால், சட்டம் காக்கப்படும். நோன்பின் உயிர் எங்கே இருக்கும்?

திருச்சபை கேட்பது எவ்வளவு?

திருச்சபைத் தாய் நம்மீது சுமத்தியிருப்பது பெருஞ்சுமை அன்று. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1966-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தவ முயற்சிகள் பற்றிய பழைய ஒழுங்குகளைத் திருத்தியமைத்தார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அவ்வழியே செல்கிறது. அதன்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். அந்நாட்களில் ஒரு வேளை நிறைவாக உண்டு, காலையிலும் மாலையிலும் சிறிதளவு உண்ணலாம். 18 வயது நிறைந்தோர் 60-ஆம் வயது தொடங்கும் வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். வெள்ளிக்கிழமைகளின் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோர்க்கு உரியது. ஆயினும் அந்தந்த நாட்டு ஆயர் பேரவை அதற்கு ஈடாக வேறு தவ முயற்சியை வகுக்கலாம்.

நற்கருணை நோன்பும் அவ்வாறே எளிதாயிற்று. முற்காலத்தில் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் நற்கருணை வாங்க வந்தனர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-இல் தண்ணீருக்கு இசைவு தந்தார். 1957-இல் நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். 1964-இல் அது ஒரு மணி நேரமாயிற்று. நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும், அவர்களைப் பேணுவோர்க்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை.

சட்டம் குறைந்ததால் நோன்பும் குறைய வேண்டும் என்பது திருச்சபையின் கருத்தன்று. கட்டளைக்கு அஞ்சி இருந்ததை இனி அன்பினால் ஏற்க வேண்டும் என்பதே அதன் விருப்பம்.

பேரம் அன்று, செபம்

நோன்பு என்றவுடன் நம் நாட்டார்க்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். நம் விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் இம்மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடல் முதலிய கோரிக்கைகளுக்காக 1956-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் உயிர் நீத்தார். 1969-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அவரது தியாகத்தைத் தமிழர் மறவார். ஆனால் அது அரசினரின் மனத்தைத் திருப்புவதற்காக மேற்கொண்ட நோன்பு. செபத்தோடு நாம் இருக்கும் நோன்போ இறைவனின் மனத்தைத் திருப்புவதற்கு அன்று. நம் மனத்தைத் திருப்புவதற்கே.

மகன் தேர்வில் தேற வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும், வழக்கு வெல்ல வேண்டும் என்று எண்ணி, 'இத்தனை வெள்ளி ஒருசந்தி' என நேர்ந்துகொள்வோர் நம்மிடையே உண்டு. அவர்தம் விசுவாசத்தை நாம் எள்ளி நகையாடோம். எனினும் நம் பசியைக் காசாகக் கொடுத்து இறைவனிடம் வரம் வாங்க இயலாது. அவர் வியாபாரி அல்லர், தந்தை. பிள்ளை பட்டினி கிடந்தால்தான் இரங்குவேன் என்று எந்தத் தந்தை சொல்வார்?

அப்படியாயின் எதற்காக நோன்பு? நம் ஆண்டவர் பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தது, தம் பணியைத் தொடங்குமுன் தந்தையின் திருவுளத்தோடு ஒன்றித்து நிற்பதற்காக. அந்தியோக்கியா நகரத் திருச்சபையார் நோன்பிருந்து வழிபட்ட வேளையில்தான் பர்னபாவையும் சவுலையும் அனுப்புமாறு தூய ஆவியார் உணர்த்தினார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. இங்கே நோன்பு செவியைத் திறக்கும் ஒரு முயற்சியாக நிற்கிறது. வயிறு நிறைந்திருக்கையில் மறைந்திருப்பவை, அது காலியாகும்போது தலைகாட்டும். ஒரு வேளை காப்பி தவறினால் நம்முள் எழும் எரிச்சல், வீட்டாரிடம் காட்டும் கடுகடுப்பு, நாவின் அலைச்சல் ஆகியவை நம்மை உண்மையில் ஆள்பவர் யார் என்று காட்டிக்கொடுக்கும். அதை அறிந்தவனே உள்ளதை உள்ளபடி சொல்லிச் செபிப்பான்.

இதனாலன்றோ, நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக்கிக்கொள்ளாமல், முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் பூசிக்கொள்ளுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார்!

மிஞ்சியது யாருடையது?

ஒருவேளை உணவை விட்டோம். அந்தச் சோறு எங்கே போயிற்று? நோன்பின் உண்மையைச் சோதிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

எசாயா இறைவாக்கினர் தம் நூலின் 58-ஆம் அதிகாரத்தில் இதையே உரத்துக் கேட்கிறார். நோன்பு நாளிலும் கூலியாட்களை ஒடுக்குவோரைக் கடிந்து, பசித்தோரோடு உணவைப் பகிர்வதும் வீடற்றோரை இல்லத்தில் ஏற்பதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த 'எர்மாசின் மேய்ப்பர்' என்னும் நூல், நோன்பு நாளில் உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ ஏழைக்கோ கொடுக்கச் சொல்கிறது. நோன்பும் ஈகையும் செபத்திற்கு இரு சிறகுகள் என்றார் புனித அகுஸ்தீனார். ஒரு சிறகால் எந்தப் பறவையும் பறக்காது.

இவ்வுண்மை நம் மண்ணுக்கும் புதிதன்று. திருப்பாவையின் இரண்டாம் பாடலில் நெய்யும் பாலும் நீக்கும் நோன்பு கூறப்படும்போதே, இயன்றவரை ஈவதும் உடன் கூறப்படுகிறது. பால்கோவாவுக்குப் பேர் பெற்ற ஊரில் பிறந்த பாடல், பாலை விடுவதையும் கொடுப்பதையும் சேர்த்தே சொல்வது எத்துணைப் பொருத்தம்!

செருமானிய ஆயர்கள் 1958-இல் நிறுவிய 'மிசரேயோர்' அமைப்பு, அந்நாட்டு மக்கள் தவக்காலத்தில் தரும் காணிக்கையால் ஏழை நாடுகளுக்கு உதவி வருகிறது. 1962-இல் தோன்றிய நம் 'காரித்தாஸ் இந்தியா'வும் தவக்காலத்தில் நம்மிடம் கையேந்துவது பசியையும் பிணியையும் போக்குவதற்காகவே. தவக்கால உண்டியலில் நாம் இட வேண்டியது சட்டைப்பையில் தட்டுப்படும் சில்லறையை அன்று. உண்ணாது விட்ட வேளையின் விலையை.

யார் இருத்தல் வேண்டும்? யார் இருத்தல் ஆகாது?

பிளவக்கல் அணைகள் திறந்து கண்மாய்கள் நிறைந்தால் நம் பகுதியில் நடவு தொடங்கும். விடியுமுன் எழுந்து சமைத்துவைத்துவிட்டு, இடுப்பொடியச் சேற்றில் நின்று நாற்று நடும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களுள் சிலர் வீட்டாருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, மிஞ்சினால் உண்பர், மிஞ்சாவிட்டால் நீராகாரம். அத்தாய் தவக்கால வெள்ளியன்று, 'நான் ஒருசந்தி சாமி' என்பாள். அவளிடம் நாம் சொல்ல வேண்டியது இதுவே: 'அம்மா, ஆண்டெல்லாம் நீ ஒருசந்தி இருக்கிறாய். இன்று நீ உண். உன் வீட்டார் ஒருசந்தி இருக்கட்டும்.'

இது நம் சொந்தச் சலுகை அன்று. நோயாளர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், கடும் உழைப்பாளர், வறியோர் ஆகியோரை ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்தாது என்பது திருச்சபை அறநூலாரின் தொன்றுதொட்ட போதனை. இன்று சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். மருந்தை எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளினால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். உயிருக்கே கேடு நேரலாம். ஐந்தாம் கட்டளை கொலை செய்யாதே என்பது; அது நம் சொந்த உயிரையும் காக்கிறது. ஐயம் இருப்பின் பங்குக் குருவை அணுகுங்கள். தக்க காரணத்திற்காக விலக்களிக்கவோ, வேறொரு பக்தி முயற்சியாக மாற்றித் தரவோ சட்டம் அவருக்கு அதிகாரம் தந்துள்ளது.

அப்படியானால் இருக்க வேண்டியவர் யார்? மூன்று வேளையும் குறைவின்றி உண்போர். மாலையானால் மதுக்கடைக்குக் கால் இழுக்கும் குடும்பத் தலைவர். கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத இளையோர். கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுக் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை எழுதுவோர். நாற்பது நாள் குடியை நிறுத்தி, அப்பணத்தை மனைவியின் கையில் கொடுக்கும் ஒருவர், நாற்பது நாள் புலால் நீக்கியவரினும் சிறந்த நோன்பாளர் என்று நாம் தயங்காமல் சொல்வோம்.

மதுரை மறைப்பணியின் தந்தை தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரை வந்தார். இந்நாட்டுத் துறவியின் ஒழுக்கத்தை ஏற்று, புலால் நீக்கி, நாளில் ஒரு வேளையே உண்டார். 1693-இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தரும் பண்டாரசாமியாக எளிய மரக்கறி உணவே கொண்டார். தம் புண்ணியக் கணக்கைப் பெருக்க அவர்கள் பசித்திருக்கவில்லை. பிறரோடு நெருங்குவதற்காகவே பசித்திருந்தனர்.

இல்லத்தில் செய்யத்தக்கது

வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளையைக் குடும்பமாகத் தேர்ந்துகொள்வோம். அவ்வேளைக்கு உலையிடும் அரிசியில் ஒரு பங்கைப் பிடியரிசியாகத் தனிக் கலயத்தில் இடுவோம். சிறு பிள்ளைகளை நோன்பு கட்டுப்படுத்தாது. ஆயினும் தவத்தின் பொருளை அவர்களுக்குக் கற்பிப்பது பெற்றோர் கடமை என்று சட்டமே கூறுகிறது. ஆகையால் அரிசியை இடும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். உண்ணாத அந்த அரைமணியில் நற்செய்தியின் ஒரு பகுதியைத் தந்தை வாசிக்கட்டும். பின் சிறிது நேரம் அனைவரும் பேசாதிருந்து செபிக்கட்டும். மாத முடிவில் கலயத்து அரிசி, கேட்க நாணி வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் அயலார் ஒருவரிடம் ஓசையின்றிப் போகட்டும். அவர் எம்மதத்தவராயினும் ஆகுக.

செபமற்ற நோன்பு பட்டினி. ஈகையற்ற நோன்பு சிக்கனம். மூன்றும் சேருமிடத்தில்தான், நாம் விட்ட ஒரு வேளைச் சோறு இன்னொருவர் இலையில் விழுகிறது. அங்கே இறைவனும் உண்டு.