கும்மியும் புழக்கடைக் கதவும்

சாமையைக் குத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் உமி விடாது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் இந்த மலைக்காரர்கள்) ஒரு வேளைச் சாமைச் சோற்றுக்கு உரலடியில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது ஏறும். கணக்குத் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். பாட்டு வந்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே வள்ளைப்பாட்டு இருக்கிறது. உலக்கைப் பாட்டுக்குத் தமிழில் அவ்வளவு வயது.

இப்போது மில்லும் மிக்சியும் வந்தாயிற்று. அதற்காக யாரும் அழ வேண்டாம், தோளை முறித்த வேலை அது. ஆனால் உரல் போனபோது கூடவே இன்னொன்றும் போனது: தாளத்தோடு, பக்கத்தில் ஒருத்தியோடு, குனிந்து நிமிர்ந்து உடம்பை அசைப்பது. உரலடியிலிருந்து தானியத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தால் அது கும்மிதான். அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை அடுப்படியில் நின்றே பார்த்துவிடலாம்.

தசைதான் அடுப்பு. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலப்பதை, தெருவில் விறகு வண்டி வந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விறகு உள்ளே போக வாசல் கதவு திறக்க வேண்டும். திறக்கிற சாவி இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் பூட்டு துருப்பிடித்துவிடுகிறது. சாவி இருக்கும், திருகினால் திறக்காது. விறகு தெருவிலேயே குவியும். ‘சுகர் ஏறிடுச்சு’ என்கிறோமே, அது இந்தக் குவியல்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர்.

அடுப்படிக்குப் புழக்கடைப் பக்கமும் ஒரு கதவு உண்டு. தசை சுருங்கி விரியும்போது அது தானாகத் திறக்கும், இன்சுலினைக் கேட்காது. ‘குளூட் 4’ என்ற புரதம், செல்லுக்குள்ளே கிடப்பது, தசை வேலை செய்யத் தொடங்கியதும் விளிம்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. (உள்ளே அடுக்கி வைத்திருந்த கதவைத் தூக்கிவந்து சுவரில் பொருத்துவது மாதிரி. உவமை இங்கே கொஞ்சம் இடறுகிறது, போகட்டும்.) வாசல் பூட்டு துருப்பிடித்தவருக்கும் இந்தக் கதவு பெரும்பாலும் நன்றாகவே திறக்கும். ஆட்டம் முடிந்த பின்னும் ஒரு நாள், இரண்டு நாள் வரை வாசல் பூட்டே சற்று இளகியிருக்கும்; அடுப்பை அணைத்த பிறகும் தணல் கனிந்துகொண்டிருக்கிற மாதிரி. தணல் ஆறுவதற்குள் மறுபடி மூட்ட வேண்டும் என்பதால்தான், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதீர்கள் என்று நீரிழிவு மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எல்லா அடுப்பும் ஒன்றல்ல. வட்டத்தில் நின்று கையை மட்டும் தட்டினால் அது காபி போடுகிற ஸ்டவ். உடம்பின் கோட்டை அடுப்புகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. கும்மியில் ஒவ்வொரு தட்டுக்கும் முழங்கால் மடங்கி இடுப்பு இறங்குகிறதே, அங்கேதான் விறகு வேகமாகச் செலவாகும். நன்றாக ஆடத் தெரிந்த கிழவிகள் கையைவிடக் காலைத்தான் கவனிப்பார்கள்.

தீயின் அளவைப் பார்க்கக் கருவி வேண்டாம், தொண்டை போதும். ஆடிக்கொண்டே பாட முடிந்தால் சிறுதீ. பேச வருகிறது, பாட வரவில்லை என்றால் நடுத்தீ. நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் பெருந்தீ. கும்மியில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால், யாருக்கு எவ்வளவு தீ எரிகிறது என்று வட்டத்துக்கே கேட்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடுத்தீ, அல்லது 75 நிமிடம் பெருந்தீ. ஐந்து நாள், அரை மணி நேரம். கோயில் கும்மிக்கு ஒத்திகை பார்க்கிற நேரம்கூட இல்லை. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை வளரிளம் பெண்களுக்காக ‘தாண்டவ்’ என்றொரு பயிற்சியை வடிவமைத்தது. பெருந்தீயும் சிறுதீயும் மாறி மாறி வரும் நடனம், பத்தே நிமிடம். மைதானம் இல்லாத பெண்பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஆடலாம் என்பது அதில் எனக்குப் பிடித்த பகுதி.

இனி மூளை. 2003இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கில் 75 வயது கடந்த 469 பேரைப் பல ஆண்டு கவனித்ததில், உடலசைவுப் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவாக வருவதோடு சேர்ந்து காணப்பட்டது. இதை எடுத்துக்கொண்டு ‘ஆடினால் மறதி வராது’ என்று அறிவிப்பது சரியில்லை. மூளை தெளிவாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஆட வருவார்கள்? ஆனாலும் ஒன்று மறுக்க முடியாதது. அடுத்த அடி, அடுத்த வரி, பக்கத்து ஆளின் வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வது, மூன்று அடுப்பில் மூன்று பாத்திரம் வைத்துவிட்டு எதுவும் அடிப்பிடிக்காமல் சமைக்கிற வேலை. பக்கவாட்டில் அடி வைத்துத் திரும்புவது சமநிலைக்கும் பயிற்சி. முதியவர்கள் தவறி விழுவதைக் குறைப்பது அதுதான்.

உலக்கை மோதாமல் குத்துவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. 2015இல் பிரேசிலில் 264 மாணவர்களை ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே அசைவில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியது, கூட ஆடியவர்கள்மேல் நெருக்கமும் கூடியது. உடம்பை வருத்தி ஆடியதற்கு ஒரு பங்கு, சேர்ந்து ஆடியதற்குத் தனியே ஒரு பங்கு. இதைப் படித்தபோது எனக்குக் கூவாகம் நினைவுக்கு வந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலும் கல்வராயன் மலையின் மாவட்டக் கணக்கில்தான் வருகிறது. சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொண்ட இரவு, எரியும் கற்பூரத்தைச் சுற்றித் திருநங்கைகள் கும்மியடிப்பார்கள். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். ஆண்டு முழுக்கத் தனித்தனியே ஒதுக்கப்பட்டவர்கள் ஒரே தாளத்தில் கைதட்டுகிற இரவு அது.

“காட்டுல பாடுபட்டுட்டு வர்றவளுக்கு ஆட்டம் எதுக்கு சாமி?” என்று மலையில் ஒரு பெண் கேட்டால் என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. அவளுடைய கோட்டை அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அவசரம். ஆனால் விறகுக்கட்டு சுமப்பதில் பாட்டு இல்லை, துணையும் பெரும்பாலும் இல்லை.

ஆடத் தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்து சர்க்கரை சட்டென இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் நிறுத்திவிட்டு வாயில் சர்க்கரை போட வேண்டும், அதனால் சர்க்கரைப் பொட்டலம் கையோடு இருக்கட்டும். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் ஆடக் கூடாது, மலையில் கல் அதிகம். முழங்கால் வலிப்பவர்கள் பாதி இறங்கினால் போதும். நெஞ்சு வலித்தால் ஆட்டத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குத்தான். முடிக்கும்போது சட்டென்று நிற்காதீர்கள், காலில் இறங்கிய ரத்தம் மேலே வரத் தாமதமாகித் தலை சுற்றும். கடைசிப் பாட்டைத் தாலாட்டு வேகத்துக்கு இறக்கி, இரண்டு சுற்று நடந்துவிட்டுத் திண்ணைக்குப் போகலாம்.